கணக்குக் கேட்பவரிடம் கணக்குக் கேட்பது யார்?



கடை திறந்த நாள் முதல் நாம் கணக்குக் காட்டிக்கொண்டேதான் இருக்கிறோம். விற்பனை வரி இருந்த காலத்தில் காட்டினோம். 2007ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் மதிப்புக் கூட்டு வரி வந்தபோது காட்டினோம். 2017 ஜூலை 1ஆம் தேதி சரக்கு மற்றும் சேவை வரி வந்த பிறகு மாதந்தோறும் காட்டுகிறோம். வரி கட்ட நாள் தவறினால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி. படிவம் தாக்கல் செய்யத் தவறினால் நாளொன்றுக்கு 50 ரூபாய் தாமதக் கட்டணம். நமக்குச் சரக்குக் கொடுத்தவர் வரியைக் கட்டாமல் விட்டுவிட்டால், பணம் முழுவதையும் அவருக்குக் கொடுத்து முடித்த நம்மிடம் அந்த வரியைத் திரும்பக் கேட்டு நோட்டீஸ் வருகிறது.

கணக்குக் கேட்பது அரசின் உரிமை. கொடுப்பது நமது கடமை. இதில் நமக்கு மாற்றுக் கருத்து கிடையாது. சாலையும் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் வரிப்பணத்தில்தான் நடக்கின்றன. நாம் கேட்பது வேறு. நம்மிடம் கடைசிப் பைசா வரை கணக்குக் கேட்கும் அந்தத் துறையிடம், "பெரிய கம்பெனிகளிடம் நீ எவ்வளவு வசூல் செய்தாய், எவ்வளவு விட்டுக்கொடுத்தாய், ஏன் விட்டுக்கொடுத்தாய்?" என்று கேட்பது யார்? அப்படிக் கேட்பது நமக்குத் தெரியும்படி நடக்கிறதா?

சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்பது நமது அரசியலமைப்பின் 265ஆவது பிரிவு. சட்டப்படி வர வேண்டிய வரியை ஓர் அதிகாரி தன் விருப்பத்துக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதும் அதன் மறுபக்கம்தான். இதைப் பார்த்துக்கொள்ளும் காவல் வேலை நாடாளுமன்றத்துடையது. அந்தக் காவலை நேர்மையாகச் செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு நமது நாடாளுமன்ற முறைக்கே மூலமான பிரிட்டனில் ஓர் உதாரணம் இருக்கிறது. நம்மைப் போன்ற கடைக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை அது.

லண்டனில் நடந்த விசாரணை

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பொதுக் கணக்குக் குழு என்று ஒன்று உண்டு. 1861ஆம் ஆண்டு கிளாட்ஸ்டன் நிதியமைச்சராக இருந்தபோது ஏற்படுத்தியது. அரசுப் பணம் எப்படி வந்தது, எப்படிப் போனது என்று கேட்பதுதான் அதன் வேலை. 2010 முதல் 2015 வரை அதன் தலைவராக இருந்தவர் மார்கரெட் ஹாட்ஜ் அம்மையார்.

2012 நவம்பர் 12ஆம் தேதி அந்தக் குழு மூன்று பெரிய கம்பெனிகளின் அதிகாரிகளை வரவழைத்தது. ஸ்டார்பக்ஸ் என்னும் காபிக்கடைக் கம்பெனி, அமேசான், கூகுள் ஆகியவை அவை. கதவை மூடிக்கொண்டு அல்ல, ஊரறிய, தொலைக்காட்சிக் காமிரா முன்னால் விசாரணை நடந்தது.

ஸ்டார்பக்ஸ் 1998இல் பிரிட்டனில் கடை திறந்தது. அதற்குப் பிந்தைய 14 ஆண்டுகளில் 300 கோடி பவுண்டுக்கு மேல் விற்பனை. கட்டிய கம்பெனி வரியோ 86 லட்சம் பவுண்டு மட்டும். அத்தனை ஆண்டுகளில் ஒரே ஓர் ஆண்டில்தான் லாபம் வந்தது, மற்றதெல்லாம் நஷ்டம் என்றது கம்பெனி. நஷ்டத்தில் ஓடும் வியாபாரத்தை எந்த வியாபாரி இத்தனை ஆண்டுகள் நடத்துவான், மேலும் மேலும் கிளை திறப்பான் என்று குழு கேட்டது. நமது கடைவீதியில் யாரைக் கேட்டாலும் இதே கேள்வியைத்தான் கேட்பார்கள்.

நஷ்டம் எப்படி வந்தது? நமது தொழிலை வைத்தே சொல்லலாம். ஒருவர் மதுரையில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். கடைப் பெயருக்குச் சொந்தக்காரர் வெளியூரில் இருக்கும் அவருடைய மைத்துனர். பெயர்ப் பலகையை மாட்டிக்கொள்வதற்காக மொத்த விற்பனையில் நூற்றுக்கு ஆறு ரூபாய் மைத்துனருக்குப் போகிறது. கடைக்கு வேண்டிய சரக்கும் இன்னொரு மைத்துனர் மூலமாகத்தான் வர வேண்டும். அவர் அதன்மேல் நூற்றுக்கு இருபது ஏற்றிக் கொடுக்கிறார். கடைக்குப் போட்ட கடனுக்கு மூன்றாவது உறவினருக்கு வட்டி. எல்லாம் போக மதுரைக் கடையின் பேரேட்டில் நஷ்டம். ஆனால் குடும்பம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் கொழுத்த லாபம். ஸ்டார்பக்ஸுக்கு நெதர்லாந்து பெயர் கொடுத்த மைத்துனர். சுவிட்சர்லாந்து காபிக்கொட்டை வாங்கிக் கொடுத்த மைத்துனர். அந்த ஆறு சதவீதத்தை வரித்துறை எதிர்த்த பிறகு 4.7 சதவீதமாகக் குறைந்தது, அவ்வளவுதான்.

நம் நாட்டில் சிறு வியாபாரிகளுக்கு அனுமான வருமானத் திட்டம் ஒன்று உண்டு. விரும்பினால் அதில் சேரலாம். சேர்ந்தால் ரொக்க விற்பனையில் 8 சதவீதமும், வங்கி வழியாக வரும் விற்பனையில் 6 சதவீதமும் லாபம் என்று வைத்து வரி கட்ட வேண்டும். அந்தக் கணக்கை அப்படியே ஸ்டார்பக்ஸுக்குப் போட்டுப் பாருங்கள். 300 கோடி பவுண்டு விற்பனைக்கு 6 சதவீதம் என்றாலே 18 கோடி பவுண்டு லாபம். பலசரக்குக் கடைக்குக் குறைந்தது ஆறு வரும் என்று அனுமானிக்க முடிகிறது. காபி விற்கும் உலகக் கம்பெனிக்கு மட்டும் ஒன்றும் வராதா?

அமேசானின் கதை வேறு விதம். 2011ஆம் ஆண்டு பிரிட்டிஷ் வாடிக்கையாளர்களுக்கு விற்றது சுமார் 330 கோடி பவுண்டு. சரக்கு இருந்தது பிரிட்டிஷ் கிடங்கில். எடுத்துக் கட்டியவர்கள் பிரிட்டிஷ் தொழிலாளர்கள். வாங்கியவர் பிரிட்டிஷ் மக்கள். ஆனால் பில் போட்டது லக்சம்பர்க் என்னும் சின்னஞ்சிறு நாட்டுக் கம்பெனி. பிரிட்டனில் கட்டிய கம்பெனி வரி 18 லட்சம் பவுண்டு. விற்பனைப் புள்ளிகளைக் கேட்டபோது விவரம் சொல்ல இயலாமல் நின்ற அந்தக் கம்பெனி அதிகாரியைக் குழு வெளிப்படையாகவே கண்டித்தது. கூகுள் தன் விளம்பர வியாபாரத்தை அயர்லாந்தில் வைத்துக்கொண்டது.

இவை எல்லாம் அந்த நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டவைதாம். சட்ட மீறல் என்று குழுவும் குற்றம் சாட்டவில்லை. நியாயமில்லை என்றுதான் சொன்னது. அந்த நியாயம் யாருடையது என்பதைக் கவனிக்க வேண்டும். அதே தெருவில் சொந்தமாகக் காபிக்கடை வைத்திருப்பவருக்கு நெதர்லாந்தில் மைத்துனர் இல்லை. அவர் லாபத்துக்கு முழு வரி கட்டுகிறார். எதிரே இருப்பவர் கட்டாத வரியை விலைக்குறைப்பிலும், கூடுதல் வாடகையிலும், புதிய கிளையிலும் போடுகிறார். பெரிய கம்பெனியின் வரி ஏதோ டெல்லி, லண்டன் சமாச்சாரம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அது நமது கல்லாவைத் தொடும் சமாச்சாரம். 2013ஆம் ஆண்டு பிரிட்டனில் ஒரு சிறு புத்தகக் கடைக்காரத் தம்பதி, அமேசான் நியாயமான வரி கட்ட வேண்டும் என்று மனு எழுதி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் ஆதரவு திரட்டிப் பிரதமர் அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். கடைக்காரர்கள் பேசினார்கள், நாடு கேட்டது.

அதிகாரியையும் கேட்டார்கள்

கம்பெனிகளைக் கேள்வி கேட்டது பத்திரிகைகளில் பெரிதாக வந்தது. அதைவிட முக்கியம் அதற்கு முந்தைய ஆண்டில் நடந்தது. அப்போது கூண்டில் நின்றது வரித்துறையே.

கோல்ட்மன் சாக்ஸ் என்னும் பெரிய வங்கி நிறுவனம், தன் ஊழியர்களுக்குக் கொடுத்த போனஸ் தொடர்பாகக் கட்ட வேண்டிய தொகையைக் கட்டாமல் பல ஆண்டுகள் வழக்காடியது. அதே வகை வழக்கில் மற்ற கம்பெனிகள் 2005இலேயே பணிந்து பணத்தைக் கட்டிவிட்டன. இந்த வங்கி மட்டும் அசையவில்லை. 2010ஆம் ஆண்டு இறுதியில் வரித்துறை அதனுடன் சமரசம் செய்துகொண்டது. அசல் வந்தது, வட்டி விடுபட்டது. அந்த வட்டி 2 கோடி பவுண்டு வரை இருக்கலாம் என்று பின்னர் குழு சொன்னது. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்ற கதைதான்.

இது வெளியே வந்தது எப்படி? வரித்துறையிலேயே வேலை பார்த்த ஒரு வழக்கறிஞர், தணிக்கை அலுவலகத்துக்கும் நாடாளுமன்றக் குழுக்களுக்கும் எழுதினார். குழு துறை அதிகாரிகளை அழைத்தது. வரி செலுத்துபவரின் விவரம் ரகசியம், சட்டப்படி சொல்ல இயலாது என்றார்கள். 2011 நவம்பரில் துறையின் தலைமைச் சட்ட அதிகாரியையே குழு சத்தியப் பிரமாணம் செய்ய வைத்து விசாரித்தது. அரசு அதிகாரியைச் சத்தியம் வாங்கி விசாரிப்பது அந்தக் குழுவில் அபூர்வம். 2013இல் அந்த நாட்டு உயர் நீதிமன்றமும் இதைப் பார்த்தது. சமரசம் சட்டவிரோதமல்ல என்று தீர்ப்பளித்த நீதிபதி, வரித்துறையின் வரலாற்றில் இது பெருமைப்படத்தக்கதல்ல என்றும் சொன்னார்.

பலன் என்ன என்று கேட்கலாம். 2012ஆம் ஆண்டு முதல், மிகப் பெரிய வரிச் சமரசங்களை ஒரே அதிகாரி முடிவு செய்ய முடியாது. பத்துக் கோடி பவுண்டுக்கு மேற்பட்டவற்றுக்கு மூன்று ஆணையர்கள் கையொப்பமிட வேண்டும் என்று ஏற்பாடு வந்தது. ஸ்டார்பக்ஸ் 2012 டிசம்பரில் இரண்டு ஆண்டுகளுக்கு 2 கோடி பவுண்டு கட்டுவதாகத் தானே முன்வந்தது. லாபத்தை வெளிநாட்டுக்குத் திருப்புவோருக்கு 2015 ஏப்ரலில் 25 சதவீதத் தனி வரி வந்தது. 2020 ஏப்ரலில் இணையக் கம்பெனிகளின் வருவாய்மேல் 2 சதவீத வரி வந்தது. பெரிய பன்னாட்டுக் கம்பெனிகள் குறைந்தது 15 சதவீத வரியாவது கட்ட வேண்டும் என்று 2021 அக்டோபரில் 130க்கும் மேற்பட்ட நாடுகள் ஒப்புக்கொண்டதற்குப் பின்னாலும், லண்டனில் கிளம்பிய அந்தக் கோபத்தின் பங்கு உண்டு.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை. 2016 ஜனவரியில் கூகுளிடம் பத்து ஆண்டுக் கணக்குக்காக 13 கோடி பவுண்டு வாங்கினோம் என்று அரசு பெருமையாக அறிவித்தது. அடுத்த மாதமே அதே குழு, கம்பெனியின் அளவைப் பார்த்தால் தொகை மிகச் சிறிதாகத் தெரிகிறது, கணக்கு ரகசியமாக இருப்பதால் சரியா தவறா என்று சொல்லவும் வழியில்லை என்று அறிக்கை கொடுத்தது. ஆனாலும் அப்படிச் சொல்லும் வாய் ஒன்று அங்கே இருக்கிறது. அது ஊருக்குக் கேட்கும்படி பேசுகிறது.

நமது வீட்டு நிலவரம்

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். நம்மிடமும் பொதுக் கணக்குக் குழு உண்டு. 1921ஆம் ஆண்டிலிருந்தே உண்டு. மக்களவையிலிருந்து 15 பேர், மாநிலங்களவையிலிருந்து 7 பேர், ஆக 22 உறுப்பினர்கள். அமைச்சர் யாரும் உறுப்பினராக இருக்கக் கூடாது. 1967 முதல் எதிர்க்கட்சியைச் சேர்ந்தவரைத் தலைவராக்கும் நல்ல மரபும் இருக்கிறது. சி.ஏ.ஜி. என்று நாளிதழ்களில் படிக்கிறோமே, அந்தத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் ஆண்டுதோறும் நேரடி வரிகளைத் தணிக்கை செய்து நாடாளுமன்றத்தில் அறிக்கை வைக்கிறார். கம்பெனி வரி மதிப்பீட்டில் நேர்ந்த தவறுகளும், அதனால் விடுபட்ட தொகையும் அதில் வரிசையாக வருகின்றன. வசூலாகாத நிலுவையில் மிகப் பெரும் பகுதியை "வசூலிப்பது கடினம்" என்று வருமான வரித்துறையே வகைப்படுத்தியிருப்பதையும் அந்த அறிக்கைகளில் காணலாம். நமது கடையில் வராக்கடன் அந்த அளவுக்கு ஏறினால் கூட்டாளி நம்மைச் சும்மா விடுவாரா?

ஆகவே அமைப்பில் குறையில்லை. குறை கதவில் இருக்கிறது. மக்களவை விதிப்படி குழுவின் அமர்வுகள் மூடிய அறையில்தான் நடக்க வேண்டும். அதிகாரியிடம் என்ன கேட்டார்கள், அவர் என்ன பதில் சொன்னார் என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. மாதங்கள் கழித்து அறிக்கை வரும். அரசு ஆறு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். அந்தப் பதில் வரும்போது சம்பந்தப்பட்ட அதிகாரி வேறு ஊருக்கு மாற்றலாகியிருப்பார். செய்தித்தாளும் வேறு விஷயத்துக்குப் போயிருக்கும்.

மூடிய அறைக்கும் ஒரு நியாயம் சொல்வார்கள். காமிரா வந்தால் உறுப்பினர்கள் கட்சி அரசியல் பேசுவார்கள், அதிகாரிகள் வாயைத் திறக்க மாட்டார்கள் என்பார்கள். இதில் ஓரளவு உண்மை உண்டு. அறிக்கை தயாரிக்கும் ஆலோசனையை மூடிய அறையிலேயே வைத்துக்கொள்ளட்டும். ஆனால் பொதுப் பணத்தைப் பற்றி அதிகாரி சாட்சி சொல்வதை ஏன் மறைக்க வேண்டும்? மடியில் கனமில்லை என்றால் வழியில் பயம் ஏன்? மக்களவை விவாதத்தை வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் பார்க்கிறோம். அதைவிட அமைதியாக நடக்கக்கூடிய விசாரணையைப் பார்த்தால் என்ன கெட்டுவிடும்?

ஓர் உதாரணம் சொல்வோம். 2019 செப்டம்பர் 20ஆம் தேதி, நாடாளுமன்றம் கூடாத நேரத்தில், அவசரச் சட்டத்தின் மூலம் கம்பெனி வரி குறைக்கப்பட்டது. மற்ற சலுகைகளை வேண்டாம் என்று விடும் உள்நாட்டுக் கம்பெனிகளுக்கு 22 சதவீதம். கூடுதல் வரிகளும் சேர்த்து 25.17 சதவீதம். புதிய உற்பத்திக் கம்பெனிகளுக்கு 15 சதவீதம். இதனால் ஆண்டுக்கு 1,45,000 கோடி ரூபாய் வருவாய் குறையும் என்று அன்றைக்கு அரசே சொன்னது. முதலீடும் வேலைவாய்ப்பும் பெருகும் என்பது நோக்கம். டிசம்பர் மாதம் நாடாளுமன்றம் கூடியபோது மசோதா நிறைவேறியது.

2018-19இல் சுமார் 6.63 லட்சம் கோடியாக இருந்த கம்பெனி வரி வசூல், 2019-20இல் சுமார் 5.56 லட்சம் கோடியாக இறங்கியது. கொரோனா ஆண்டில் இன்னும் இறங்கியது. பிறகு ஏறி 2023-24இல் 9.11 லட்சம் கோடியைத் தொட்டது. ஏறியதை மறைத்துப் பேசுவது நியாயமல்ல. ஆனால் அதே காலத்தில் தனிநபர் வருமான வரி வசூல் கம்பெனி வரியைத் தாண்டிப் போய்விட்டது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். இவ்வளவு பெரிய தொகையை விட்டுக்கொடுத்து நாடு பெற்றது என்ன? எத்தனை ஆலை, எத்தனை வேலை? இதை நாடறியக் கேட்டு, நாடறியப் பதில் வாங்கியிருக்க வேண்டாமா?

இதில் நமக்கு நேரடியான சங்கதியும் இருக்கிறது. மொத்த வியாபாரம் செய்யும் நம்மில் பெரும்பாலோர் கம்பெனி நடத்தவில்லை. அண்ணன் தம்பி, மாமன் மச்சான் கூட்டாகப் பங்குதாரர் நிறுவனம்தான் நடத்துகிறோம். 2019இல் கம்பெனிக்கு வரி குறைந்தபோது நமக்குக் குறையவில்லை. 30 சதவீதம், அதன்மேல் 4 சதவீத மேல்வரி. பத்து லட்சம் ரூபாய் லாபத்துக்கு நமது நிறுவனம் 3,12,000 ரூபாய் கட்ட வேண்டும். 22 சதவீதத் திட்டத்தில் உள்ள கம்பெனி, அது எத்தனை பெரிய கம்பெனியானாலும், அதே பத்து லட்சத்துக்கு 2,51,680 ரூபாய் கட்டினால் போதும். வித்தியாசம் 60,320 ரூபாய். கம்பெனி ஈவுத்தொகை கொடுத்தால் வாங்குபவர் அதற்கு மறுபடியும் வரி கட்டுகிறாரே என்று ஆடிட்டர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் லாபத்தை எடுக்காமல் தொழிலிலேயே போட்டு வளர நினைக்கும்போது, நூற்றுக்கு ஆறு ரூபாய் அவர்கள் கையில் கூடுதலாக நிற்கிறது. ஆறு ரூபாய் என்ன என்பது மண்டியில் ஒரு ரூபாய்க்கும் அரை ரூபாய்க்கும் பேரம் பேசும் நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இணையக் கம்பெனிகள் விஷயத்திலும் இதே கதை. வெளிநாட்டு இணையக் கம்பெனிகள் இங்கே ஈட்டும் விளம்பர வருவாய்க்கு 2016 ஜூன் முதல் 6 சதவீதச் சமன்பாட்டு வரி இருந்தது. 2020 ஏப்ரலில் வெளிநாட்டு இணைய வணிகத்துக்கும் 2 சதவீதம் வந்தது. இரண்டாவது 2024 ஆகஸ்டு 1இலும், முதலாவது 2025 ஏப்ரல் 1இலும் நீக்கப்பட்டன. நீக்கியதற்கு உலக வர்த்தகக் காரணங்கள் இருக்கலாம். அந்தக் காரணங்களை நாடாளுமன்றக் குழு திறந்த அவையில் கேட்டு, இந்த இடத்தில் இனி என்ன வரும் என்று பதில் வாங்கினால், இணையத்தில் விற்பவனோடு போட்டிபோடும் தெருக்கோடிக் கடைக்காரனும் தெரிந்துகொள்வான்.

நமது கோரிக்கைகள்

கோபப்பட்டுக் கடையடைப்பதால் இந்தக் கதவு திறக்காது. கேட்க வேண்டிய இடத்தில், கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேட்க வேண்டும்.

ஒன்று: வரி வசூல் பற்றிப் பொதுக் கணக்குக் குழு அதிகாரிகளிடம் சாட்சியம் பெறும் அமர்வுகளைப் பொதுமக்கள் பார்க்கும்படி நடத்த வேண்டும். தமிழ்நாடு சட்டமன்றப் பொதுக் கணக்குக் குழுவுக்கும் இதே கோரிக்கைதான்.

இரண்டு: பெரிய தொகை வரிச் சமரசம் எதையும் ஓர் அதிகாரி மட்டும் முடிக்கக் கூடாது. ஒவ்வோர் ஆண்டும் அவற்றைத் தனியாகத் தணிக்கை செய்து, கம்பெனிப் பெயரைச் சொல்லாவிட்டாலும், எத்தனை சமரசம், கேட்டது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று வெளியிட வேண்டும்.

மூன்று: வரிச்சலுகைகளால் இழக்கும் வருவாயை 2006-07 முதல் பட்ஜெட்டோடு அரசு வெளியிட்டு வருகிறது. அது நல்ல காரியம். அந்தச் சலுகையால் வந்த முதலீடு, வேலைவாய்ப்பு ஆகியவற்றின் கணக்கையும் பக்கத்திலேயே வைக்க வேண்டும். செலவு எழுதினால் வரவும் எழுத வேண்டும் என்பது பேரேட்டின் முதல் பாடம்.

நான்கு: பங்குதாரர் நிறுவனங்களுக்கும் கம்பெனிகளுக்கும் இடையே உள்ள வரி விகித வேறுபாட்டைக் குழு ஆராய்ந்து அறிக்கை தர வேண்டும்.

இவற்றை எழுதி, ஊர்ச் சங்கங்கள் அந்தந்தத் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரை நேரில் பார்த்துக் கொடுக்க வேண்டும். தேர்தல் நேரத்தில் அவர் நமது கடைவாசலுக்கு வருகிறார். மற்ற நேரத்தில் நாம் அவர் வாசலுக்குப் போவதில் தவறில்லை. தணிக்கை அறிக்கைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. படித்த பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். மாதக் கூட்டத்தில் அரை மணி நேரம் ஒதுக்கி, அறிக்கையில் ஒரு பகுதியைப் படித்துச் சொல்லச் செய்தால் நமக்கும் விவரம் கூடும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். பிறரிடம் கணக்குக் கேட்பவர் தன் கணக்கைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். பில் இல்லாத சரக்கை வைத்துக்கொண்டு பெரிய கம்பெனியின் நியாயத்தைப் பேசினால் எடுபடாது. பில் போட்டு, வரி கட்டி, ஏட்டைத் திறந்து வைத்துவிட்டுக் கேட்போம். எங்கள் ஏடு இதோ திறந்திருக்கிறது. உங்கள் ஏட்டையும் திறந்து காட்டுங்கள் என்று கேட்கும் உரிமை, வரி கட்டும் ஒவ்வொரு கடைக்காரருக்கும் உண்டு.